யாட்சியில் 180-ஐத் தாண்டவே முடியவில்லை: எங்கே தவறுகிறேன்?

கேட்டவர்:
அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக இரவு உணவுக்குப் பிறகு அக்காவும் நானும் யாட்சி ஆடி வருகிறோம் (ஐந்து பகடைகளை ஒரு முறைக்கு மூன்று தடவை வரை உருட்டி, வேண்டியதைப் பிடித்துவைத்து, முறைக்கு ஒரு கட்டமாகத் தாளை நிரப்பும் ஆட்டம்). அக்கா பெரும்பாலும் 200-ஐத் தாண்டிவிடுகிறார். நான் 160-க்கும் 180-க்கும் இடையிலேயே நின்றுவிடுகிறேன். முதலில் ராசி இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்று மாதமும் ராசி ஒருவர் பக்கமே இருக்காது என்பதால், கோளாறு என் முடிவுகளில்தான் இருக்க வேண்டும். நேற்றைய தாளை அப்படியே தருகிறேன்.

மேல் பகுதி (அந்தந்த எண்ணைக் காட்டும் பகடைகளின் கூட்டல்): ஒன்று 2, இரண்டு 6, மூன்று 9, நான்கு 12, ஐந்து 15, ஆறு 12. கூட்டுத்தொகை 56, போனஸ் கிடைக்கவில்லை.
கீழ்ப் பகுதி: மூன்று ஒரே எண் 22, நான்கு ஒரே எண் 27 (இரண்டிலும் ஐந்து பகடைகளின் கூட்டல்), ஃபுல் ஹவுஸ் (ஓர் எண்ணில் மூன்று, இன்னொன்றில் இரண்டு) 25, சிறு வரிசை (அடுத்தடுத்த நான்கு எண்கள்) 30, பெரு வரிசை (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) 0, யாட்சி (ஐந்தும் ஒரே எண்) 0, சான்ஸ் (எது விழுந்தாலும் அதன் கூட்டல்) 17.
மொத்தம் 177.

நினைவில் நிற்கும் இடங்கள் இவை. மூன்றாம் முறையில் 1, 1, 4, 5, 6 என்று முடிந்தது. சான்ஸில் 17 எழுதினேன். நான்காம் முறையில் நான்கு ஆறுகளும் ஒரு மூன்றும் வந்தன. கீழே 27 எழுதினேன். ஆறாம் முறையில் முதல் உருட்டலிலேயே 2, 3, 4, 5, 5 விழுந்ததால், கையில் வந்ததை விடக் கூடாது என்று உடனே சிறு வரிசையை எழுதிவிட்டேன். பதினோராம் முறையில் ஆறுகள், பெரு வரிசை, யாட்சி ஆகிய மூன்று கட்டங்களே மீதம் இருந்தன. முதல் உருட்டலில் 3, 4, 4, 5, 6 வந்தது. இரண்டு நான்குகளைப் பிடித்துக்கொண்டு யாட்சிக்கு முயன்றேன். மூன்று நான்குகளோடு நின்றது. அடுத்த முறை பெரு வரிசையிலும் பூஜ்யம். கடைசியாக ஆறுகளுக்கு உருட்டியபோது இரண்டுதான் கிடைத்தன.

இவற்றில் எது தவறு, எது வெறும் துரதிர்ஷ்டம் என்று விளக்க முடியுமா?

முதல் மறுமொழி:
விதி எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வோம். ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஏறத்தாழ இதே பெயரில் ஆடப்படும் வகையில் பதினைந்து கட்டங்கள் உண்டு. சிறு வரிசைக்கு 15, பெரு வரிசைக்கு 20 புள்ளிகள்தான். மேல் பகுதி போனஸோ 50. அதற்குச் சொல்லும் யோசனை இதற்குப் பொருந்தாது.

கேட்டவர்:
எங்களுடையது பதின்மூன்று கட்ட ஆட்டம். மேல் பகுதியில் 63 சேர்ந்தால் 35 போனஸ், பெரு வரிசைக்கு 40, யாட்சிக்கு 50.

இரண்டாம் மறுமொழி:
தாளை முழுமையாகத் தந்ததற்கு நன்றி. பலரும் மொத்தத்தை மட்டும் எழுதிவிட்டுக் காரணம் கேட்கிறார்கள். கடைசி முறையிலிருந்து பின்னோக்கிப் போகிறேன்.

ஆறுகள் மட்டும் மீதமிருந்தபோது உங்கள் மேல் பகுதியில் 44 இருந்தது. போனஸுக்கு இன்னும் 19 வேண்டும். அதாவது மூன்று ஆறுகள் விழுந்திருந்தாலும் 62-இல், ஒரே ஒரு புள்ளிக் குறையில், நின்றிருப்பீர்கள். நான்கு ஆறுகள் தேவைப்பட்டன. மூன்று உருட்டல்களில் அது கிடைக்கும் வாய்ப்பு 10.4 சதவீதம். இரண்டு ஆறுகள் விழுந்தது துரதிர்ஷ்டமே அல்ல: ஓர் எண்ணை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு மூன்று உருட்டல்களிலும் அதையே தேடினால், சராசரியாக 2.1 பகடைகள்தான் அந்த எண்ணைக் காட்டும். மூன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 35.5 சதவீதம். அதனால்தான் ஆறு போன்ற கனமான கட்டத்தைக் கடைசிவரை காலியாக விடக் கூடாது. எது விழுகிறதோ அதற்கேற்பக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி அப்போது இருக்காது.

இனி நான்காம் முறைக்கு வாருங்கள். உங்கள் ஆட்டம் கைவிட்டுப் போனது அங்கேதான். அந்த நான்கு ஆறுகளை மேல் பகுதியில் 24 என்று எழுதியிருந்தால், மற்றவை அப்படியே இருக்க, மேல் பகுதி 68 ஆகி, 35 போனஸ் வந்திருக்கும். கடைசி முறை 'நான்கு ஒரே எண்' கட்டத்துக்குப் போயிருக்கும். அதில் பூஜ்யமே விழுந்தது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 197. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த 27, உண்மையில் உங்களிடமிருந்து 20 புள்ளிகளை எடுத்துக்கொண்டது.

ஆறாம் முறையில் நீங்கள் பயந்தது தேவையற்றது. 2, 3, 4, 5 ஆகிய நான்கையும் மேசையில் வைத்துவிட்டு ஐந்தாம் பகடையை மட்டும் உருட்டினால், என்ன விழுந்தாலும் சிறு வரிசை கலையாது. ஒன்றோ ஆறோ விழுந்தால் பெரு வரிசை. இரண்டு உருட்டல்கள் கையில் இருந்தபோது அந்த வாய்ப்பு ஒன்பதில் ஐந்து, அதாவது பாதிக்கும் மேல். செலவே இல்லாத இரண்டு உருட்டல்களை விட்டுக்கொடுத்தீர்கள்.

மூன்றாம் முறை சிறிய தவறுபோலத் தெரியும்; ஆனால் சான்ஸ் கட்டம், சொதப்பிய ஒரு முறையைப் பின்னால் தாங்கிக்கொள்ள இருப்பது. சான்ஸை மட்டுமே குறிவைத்து உருட்டினால் சராசரியாக 23.3 வரும், 17 எழுதி அதை மூடியது அவசரம். அந்த இரண்டு ஒன்றுகளை 'ஒன்று' கட்டத்தில் 2 என்று எழுதியிருக்கலாம். எப்படியும் பிறகு அதே 2-ஐத்தானே அங்கே எழுதினீர்கள்!

மூன்றாம் மறுமொழி:
முடிவு தெரிந்த பிறகு கணக்குப் போட்டால் எல்லாம் தவறாகத்தான் தெரியும். நான்காம் முறையில் ஒன்பது கட்டங்கள் மீதமிருக்க, பின்னால் மேலும் ஆறுகள் வராது என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'நான்கு ஒரே எண்' எளிதில் கிடைக்காத கட்டம். வந்தபோது எழுதியதைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் மறுமொழி எழுதியவர்:
நியாயமான கேள்வி. 197 என்ற எண் பின்னறிவுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவு பின்னறிவைச் சார்ந்ததல்ல. 63 என்பது ஒவ்வோர் எண்ணிலும் மூன்று என்ற கணக்கு. நான்காவது ஆறு அதற்கு மேல் ஆறு புள்ளி உபரி தருகிறது. பின்னால் 'இரண்டு' கட்டத்தில் ஒரு பகடையும் 'மூன்று' கட்டத்தில் ஒரு பகடையும் குறைந்தால்கூட அது ஈடுகட்டிவிடும். இந்த உபரியின் மதிப்பு ஆட்டத்தின் தொடக்கத்தில்தான் அதிகம், ஏனெனில் அதைப் பயன்படுத்திக்கொள்ள இன்னும் கட்டங்கள் இருக்கின்றன. மேல் பகுதியில் ஏற்கெனவே போனஸ் கைக்கு எட்டாத நிலை இருந்திருந்தால், 27-ஐ நானும் கீழேயே எழுதியிருப்பேன்.

கேட்டவர்:
பதினோராம் முறையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. யாட்சிக்கு முயல்வதையே விட்டுவிட வேண்டுமா? 50 புள்ளி என்றதும் கை தானாக ஜோடியைத்தான் பிடிக்கிறது.

நான்காம் மறுமொழி:
முற்றிலும் விட வேண்டியதில்லை; நிலையைப் பார்த்து முயல வேண்டும். முதல் உருட்டலிலிருந்தே யாட்சியை மட்டும் தேடினாலும், ஒரு முறையில் அது கிடைக்கும் வாய்ப்பு 4.6 சதவீதம்தான். பதின்மூன்று முறையும் வேறெதையும் கவனிக்காமல் அதையே துரத்தினால்கூட, ஒரு யாட்சியாவது விழும் வாய்ப்பு 46 சதவீதத்தைத் தாண்டாது.

உங்கள் நிலையில், இரண்டு நான்குகளையே கடைசிவரை பிடித்திருந்தால் யாட்சிக்கான வாய்ப்பு சுமார் 2.9 சதவீதம். ஒரு நான்கை விட்டு 3, 4, 5, 6-ஐப் பிடித்திருந்தால், இரண்டு உருட்டல்களில் ஓர் 'இரண்டு' விழ வேண்டும், அது 30.6 சதவீதம். புள்ளிக் கணக்கில் பார்த்தால் முன்னதன் மதிப்பு சராசரியாக 1.4, பின்னதன் மதிப்பு 12.2. இவ்வளவு இடைவெளி உள்ள இடத்தில் யோசிக்கவே வேண்டாம். அதுவே நான்கு பகடைகள் ஒரே எண்ணைக் காட்டி, இரண்டு உருட்டல்களும் மீதமிருந்தால், யாட்சிக்கும் அதே 30.6 சதவீதம் உண்டு. அப்போது துணிந்து முயலுங்கள்.

இலக்கையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கணினியியலாளர் டாம் வெர்ஹோஃப் 1999-இல் கணக்கிட்டபடி, தனியாக ஆடுபவர் ஒவ்வொரு முடிவையும் பிழையின்றி எடுத்தாலும் சராசரி சுமார் 254.6 தான், அதுவும் கூடுதல் யாட்சிகளுக்கான 100 புள்ளி போனஸையும் சேர்த்து. எனவே உங்கள் அக்காவின் 200 நல்ல ஆட்டமே. இன்னொன்று: இது தனி ஆட்டத்துக்கான கணக்கு. கடைசி முறையில் அக்காவைவிட 40 புள்ளி பின்தங்கியிருந்தால் சராசரி உங்களைக் காப்பாற்றாது, அப்போது 2.9 சதவீதமே ஒரே வழியென்றால் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

கேட்டவர்:
நேற்றிரவு மூன்று ஆட்டங்கள் ஆடினேன்: 171, 208, 196. இரண்டில் போனஸ் கிடைத்தது. 171 வந்த ஆட்டத்தில், முதல் முறையிலேயே வந்த மூன்று ஐந்துகளைப் பழக்கதோஷத்தால் கீழே எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் அக்கா சிரித்தார். இவ்வளவு நாளும் அவர் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.