ஸ்டே என்றால் தங்குவதா, தடையா?

கேள்வி:
ஊரில் எங்கள் பாதை வழக்கில் "ஸ்டே வாங்கியாச்சு" என்று அப்பா போனில் சொன்னதை, பக்கத்தில் இருந்த என் மகள் கேட்டுவிட்டாள். ஏழாவது படிக்கிறாள். "ஸ்டேன்னா தங்குறது, அதை எதுக்குத் தாத்தா வாங்கினாரு?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் இன்னொன்று, "வேர் டூ யூ ஸ்டே?" என்று கேட்டதற்கு அலுவலகத்தில் ஒருவர் "லிவ்னு சொல்லுங்க" என்று திருத்தினார். அது சரியா?

பதில் 1:
தங்குவது பிறகு வந்த பொருள். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு 'போகாதே, நில்' என்றுதான் அர்த்தம். பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல், மூலம் லத்தீனில் நிற்பதைக் குறிக்கும் 'ஸ்தாரே'. நாம் சொல்லும் ஸ்தானம், ஸ்திரம் எல்லாம் சமஸ்கிருதம் வழியாக வந்த அதன் தூரத்து உறவுகள். நம்ம 'நில்'லையே பாருங்களேன், குளத்தில் தண்ணீர் நிற்கிறது என்றால் இருக்கிறது, கல்யாணம் நின்றுவிட்டது என்றால் நடக்கவில்லை. மகளிடம் இதைச் சொல்லுங்கள், போதும்.

'வேர் டூ யூ ஸ்டே' தப்பில்லை. இங்கிலாந்தில் கேட்டால் எந்த ஓட்டலில் தங்கியிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வார்கள், ஸ்காட்லாந்தில் வீடு எங்கே என்று அர்த்தம். திருத்தியவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

பதில் 2:
வழக்கு என்றதால் ஒரு வார்த்தை. கீழ்க்கோர்ட் தீர்ப்பை நிறைவேற்றாமல் நிறுத்தி வைப்பதுதான் ஸ்டே. எதிராளியைப் பார்த்து 'இதைச் செய்யாதே' என்பது உறுத்துக்கட்டளை, அதையும் ஊரில் ஸ்டே என்றே சொல்லிவிடுகிறார்கள். அப்பா வாங்கியது எது என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பீல் போட்டாலே தீர்ப்பு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் ஆணை, 5ஆம் விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது, தனியாக மனுப் போட்டுக் கேட்க வேண்டும்.

கேட்டவர்:
கல்யாணம் நின்ற உதாரணம் உடனே புரிந்துவிட்டது. இப்போது கரண்ட் கம்பத்தில் சாய்வாக இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியும் இதே சொல்தானா என்கிறாள்!

பதில் 3:
இல்லை, அது வேறு குடும்பம். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குப் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த பெயர், லத்தீனிலிருந்து வந்ததல்ல. உச்சரிப்பு ஒன்றாகிப்போனதால் வந்த குழப்பம். லைன் திரும்பும் இடத்திலும் முடியும் இடத்திலும் கம்பம் சாயாமல் இருக்க அந்தக் கம்பி, நடுவில் முட்டை மாதிரி ஒரு பீங்கான் இருக்கும் பாருங்கள், மேலே கசியும் மின்சாரம் கீழே இறங்காமலிருக்க. அது இருக்கிறதே என்று நம்பி அதில் ஆடு மாடு கட்டாதீர்கள், எங்கள் தெருவில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.