மண் டிராக் ரேஸ் படம் எடுக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா மக்கா?

எனக்குத் தக்கலை. கல்யாண வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்ல களியக்காவிளை தாண்டி, கேரளா பக்கம் ஜீப், பைக் மண் ரேஸ் எடுக்கப் போவேன். சம்பளம் கிடையாது, ஓட்டுறவங்க படம் வாங்கினாத்தான் காசு.

படம் எடுக்கிறதுல சந்தேகம் இல்லை. மண்ணு தெறிச்சு அந்தரத்துல நிக்கணும்னா ஷட்டர் 1/1000 செகண்ட். ஆனா அதுல சக்கரமும் உறைஞ்சு, வண்டி பார்க்கிங்ல நிக்கிற மாதிரி இருக்கும். அதனால 1/125 வச்சு வண்டியோட கூடவே கேமராவைத் திருப்புறதுதான் எனக்கு இஷ்டம். பாதி படம் வீணாகும், போகட்டும்.

தொல்லை தூசிதான். ஜூம் லென்ஸ் நீளும்போது காத்தோட சேர்த்து செம்மண் பொடியையும் உள்ளே இழுக்குது. மழைக்கவர் போட்டுப் பார்த்தாச்சு, டிராக்ல லென்ஸ் கழற்றுறதே இல்லை. அப்படியும் எஃப் 16-ல, அதாவது லென்ஸ் துவாரத்தை நல்லா சுருக்கி, வானத்தை எடுத்தா, உள்ளே படம் பதியுற சென்சார்ல ஒட்டின தூசி புள்ளி புள்ளியா தெரியுது. நாகர்கோவில்லயோ திருவனந்தபுரத்துலயோ நம்பிக் கொடுக்கிற மாதிரி சென்சார் கிளீன் பண்றவங்க இருந்தா சொல்லுங்க. வீட்டுல ஸ்வாப் வச்சு நீங்களே துடைக்கிறீங்கன்னா, எந்த திரவம்?

அடுத்தது விலை. ஒரு ஓட்டுநரோட முழு செட்டுக்கு என்ன வாங்குறீங்க? முன்பணமா, இல்ல வாட்டர்மார்க் போட்ட படத்தைக் காட்டிட்டா? காசுக்குப் பதிலா "பேரு போடுறோம் தம்பி"ன்னு சொல்ற ரேஸ் நடத்துறவங்ககிட்ட என்ன பதில் சொல்றீங்கன்னும் எழுதுங்க. பேரை வச்சு பெட்ரோல் போட முடியலை.

மார்த்தாண்டம் பக்கம் 100-400 எம்எம் ஜூம் லென்ஸ் வாடகைக்கு இருந்தா இன்பாக்ஸ் பண்ணுங்க அண்ணமாரே.