கணக்கு போடும்போது பாப்பா கூப்பிட்டா, விட்ட இடத்தை எப்படிப் பிடிக்கிறீங்க?

பாப்பாரப்பட்டி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். அரசு வேலைக்கான குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறேன். பையனுக்கு 8 வயசு, பாப்பாவுக்கு 4. வீட்டுக்காரர் ஓசூர்ல கம்பெனி வேலை, ஞாயித்துக்கிழமைதான் வீட்ல இருப்பார். பாப்பா பால்வாடியில இருக்கற நேரத்துல மாடு, சமையல், துணின்னு போயிடுது. எனக்குன்னு கிடைக்கறது சாயங்காலம் 6-ல இருந்து 8 வரைக்கும்தான். அப்போ ரெண்டு பேரும் வீட்ல.

தமிழ், வரலாறு எல்லாம் எவ்வளவு சத்தத்துலயும் ஏறிடுது. கணக்குலதான் முட்டுது. போன வாரம் ஒரு கணக்கு: 8,000 ரூபாய்க்கு 5 சதவீதம், 2 வருஷம், தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் என்ன? ரெண்டாவது வரி எழுதறேன், பாப்பா வந்து முந்தானையை இழுத்து, "அம்மா, எறும்பு தூங்குமா?"ன்னா. பதில் சொல்லிட்டுத் திரும்பினா எங்க விட்டேன்னே தெரியல. மறுபடி முதல்ல இருந்து. மறுபடி கூப்பிட்டா. நாலாவது தடவை கத்திட்டேன்.

அதுக்கு அப்புறம் அவ வாசப்படியில நின்னு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு என்னையே பார்க்கறா. ராத்திரி அவ பாட்டிகிட்ட, "அம்மா இப்ப பேசுவாங்களா?"ன்னு காதுல கேட்டிருக்கா. அதைக் கேட்டதுல இருந்து புத்தகத்தைத் தொடவே மனசு வரல. படிப்பை விடவும் முடியாது. இதைத் தாண்டி வந்தவங்க சொல்லுங்க.

பாலக்கோடு அக்கா:
தங்கச்சி, முதல்ல அழுகையை நிறுத்துங்க. நானும் ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டுத்தான் படிச்சேன். எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி படிக்கணும்னு நினைக்கறதுதான் தப்பு. கணக்கை விடியக்காலை 4 மணிக்கு மாத்துங்க, ஒரு மணி நேரம் போதும். 200 கேள்வியில கணக்கு 25-தான், தமிழ் 100. தமிழ்ப் பகுதியில 150-க்கு 60 மார்க் வாங்கலைன்னா மத்த பகுதியைத் திருத்தவே மாட்டாங்க. அதனால சாயங்காலத்தைத் தமிழுக்கும் வரலாறுக்கும் குடுங்க, சத்தமாப் படிங்க, பிள்ளைங்க பக்கத்துலயே இருக்கட்டும். உங்க ஊர்லயே சுப்பிரமணிய சிவா மண்டபம் இருக்கு. வத்தலக்குண்டுல 1884-ல பிறந்தார், ஞானபானு பத்திரிகை நடத்தினார், 1925 ஜூலை 23-ல பாப்பாரப்பட்டியில இறந்தார்னு பையனைக் கூட்டிட்டுப் போய் அங்க வெச்சே சொல்லுங்க. அவனுக்குக் கதை, உங்களுக்கு ரிவிஷன்.

சாயங்காலம் கணக்கு போட்டே ஆகணும்னா, பிள்ளை கூப்பிட்ட உடனே திரும்பாதீங்க. "இரு கண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே, அடுத்து என்ன செய்யப் போறீங்களோ அதை ஓரத்துல எழுதிட்டுத் திரும்புங்க. செஞ்சு முடிச்சது தாள்லயே இருக்கு. மறக்கறது அடுத்த படிதான்.

காவேரிப்பட்டணம் டீச்சர்:
பால்வாடியில நிறைய வருஷம் வேலை பார்த்தவ நான். 4 வயசுக் குழந்தை படிப்பைக் கெடுக்க வர்றதில்ல. அம்மா நம்மகூடத்தான் இருக்காங்களான்னு பார்க்க வருது. உட்கார்றதுக்கு முன்னாடி 10 நிமிஷம் போனைக் கையில எடுக்காம அவளை மடியில வெச்சுக்கோங்க. அப்புறம் ஒரு பழைய டப்பாவும் கொஞ்சம் புளியங்கொட்டையும் குடுங்க, நம்ம பக்கம் அதுக்கா பஞ்சம்? ஒவ்வொரு கேள்வி வரும்போதும் ஒரு கொட்டையை உள்ள போடணும். கடிகாரத்துல பெரிய முள் 6-க்கு வந்ததும் அம்மா டப்பாவைத் திறந்து எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். வாயில போடாம பாட்டி பக்கத்துல இருக்கட்டும். நீங்க ஒரு நாள் திறக்காம விட்டாலும் அப்புறம் அவ நம்ப மாட்டா. அரை மணிக்கு மேல அந்த வயசைக் காக்க வைக்கவும் கூடாது.

அரூர் தம்பி:
அக்கா, ஞாயித்துக்கிழமை மாமாகிட்ட பிள்ளைங்களை விட்டுட்டு தர்மபுரிக்கு பஸ் ஏறுங்க. எங்கயாவது அமைதியான இடத்துல 3 மணி நேரம் முழு மாதிரித் தேர்வு எழுதுங்க. அரை அரை மணியாப் படிச்சுட்டு பரீட்சை ஹால்ல 3 மணி நேரம் உட்கார முடியாது, நான் பட்டிருக்கேன். மாமா வாரம் முழுக்க உழைச்சுட்டு வர்றார்தான், ஆனா இது வீட்டுக்கான வேலை. அவர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க.

பாப்பாரப்பட்டி அம்மா:
பத்து நாள் ஆச்சு. 4 மணி எழுந்திருக்கறது வாரத்துல நாலு நாள்தான் முடியுது, நான் பால் கறக்கற நாள்ல முடியல. மத்த நாள் கணக்கு சாயங்காலம்தான். வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். போன ஞாயிறு அவரே ரெண்டு பேரையும் குளிப்பாட்டி சோறு ஊட்டிட்டார். நான் கிளம்பி எழுதிட்டு வந்தேன்.

டப்பா முதல் நாள் பலிக்கல. கொட்டையைப் போட்டுட்டு கேள்வியையும் சத்தமாக் கேட்டா. மூணாவது நாள்ல இருந்து போடற சத்தம் மட்டும் வருது. நேத்து அந்த வட்டிக் கணக்கையே மறுபடி எடுத்தேன். 5/100 வரைக்கும் வந்தப்போ பையன் ஷூ லேஸ் அவிழ்க்கச் சொல்லி வந்தான். ஓரத்துல "1/20, அடுத்து 1/400"ன்னு எழுதிட்டு எழுந்து போனேன். வந்து பார்த்தா அது அங்கயே இருந்துச்சு. 8,000-ல 1/400, அதாவது 20 ரூபாய், விடை சரி.

பெரிய முள் 6-க்கு வந்ததும் டப்பாவைத் திறந்தோம். ஏழு கொட்டை. ஆறு கேள்வியை அவளே மறந்துட்டா. எறும்பை மட்டும் மறக்கல. எறும்பும் கொஞ்சம் கொஞ்சமாத் தூங்கும்னு பையன் சொன்னான். அப்போ எறும்போட அம்மா என்ன பண்ணும்னு எட்டாவது கொட்டையைப் போட்டா.