நகரத்தை விட்டு கிராமத்துப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம், போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

நத்தைவேகம்:
வணக்கம். நானும் கணவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், பையனுக்கு ஒன்பது வயது. இரண்டு பேருக்குமே வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை, பாதி நாள் வீடியோ கூட்டங்களிலேயே போய்விடும். நகரம் அலுத்துவிட்டது. வெறுப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் காலையில் கண் விழிக்கும்போதே எதற்கோ நேரமாகிவிட்ட மாதிரி ஒரு படபடப்பு, ராத்திரி படுக்கும் வரை அது இறங்குவதே இல்லை.

ஒரு கிராமத்தில் தோட்டத்தோடு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். பக்கத்து டவுனுக்கு வண்டியில் முக்கால் மணி நேரம். கிணறு இருக்கிறது, ஊர் வீடுகளிலிருந்து கொஞ்சம் தள்ளி, வயல்களுக்கு நடுவில். கணவர் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்கிறார், விட்டால் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களாம். எனக்குத்தான் ஏதோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. தேடினால் சூரிய உதயப் படங்களும் "இயற்கையோடு இயைந்த வாழ்வு" வசனங்களும்தான் கிடைக்கின்றன. போய் இருப்பவர்கள், போய்த் திரும்பியவர்கள், யாராக இருந்தாலும் சரி: வாங்குவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வாழ்க்கை நிஜமாகவே நிதானமாகிறதா?

கிணற்றடி:
நிதானமாகும், ஆனால் வேலை குறையாது. நகரத்தில் தண்ணீர், சாக்கடை, குப்பை, ரோடு எல்லாவற்றையும் முகம் தெரியாத யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், நாம் பணம் கட்டுவதோடு சரி. வயலுக்கு நடுவில் தனி வீடு என்றால் அந்த யாரோ நீங்கள்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கூட்டத்துக்கு உட்காரப் போகும் நேரத்தில் குழாயைத் திறந்தால் காற்று வரும். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, தண்ணீர் ஏறவில்லை. கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வில் ஒரு துண்டு குச்சி மாட்டி, குழாயில் நின்ற தண்ணீர் மொத்தமும் கீழே இறங்கியிருக்கும். முதலில் ஓடிப் போய் மோட்டாரை நிறுத்த வேண்டும், தண்ணீர் இல்லாமல் சுற்றினால் சீல் போய்விடும். அப்புறம் பம்பின் மேல் மூடியைக் கழற்றி, குமிழி வருவது நிற்கும் வரை வாளி வாளியாக ஊற்றி, மூடிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தால் வால்வைத்தான் மேலே எடுக்க வேண்டும், அதற்கு ஆள் வர சாயங்காலம் ஆகும், சில சமயம் நாளைக்கு. இதையெல்லாம் செய்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. உங்களுக்கும் இருக்குமா என்பதுதான் கேள்வி.

தண்ணீர் பற்றி இன்னும் ஒன்று. கண்ணாடி மாதிரி இருக்கிறது, குடித்தால் இனிக்கிறது என்று விற்பவர் சொல்வார். கேட்டுக்கொண்டு, ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம், ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராம், அதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. சுற்றிலும் வயல் என்கிறீர்கள், உரம் நிலத்தடியில் இறங்கினால் நைட்ரேட் ஏறும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களா? கிணற்றுக்கும் அதற்கும் குறைந்தது 30 மீட்டர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருந்தால் அந்த 30 எனக்குப் போதாது என்றே படும். பக்கத்து வீட்டு டேங்கையும் சேர்த்துப் பாருங்கள், அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். சில வருடங்களுக்கு ஒரு முறை உங்கள் டேங்கைக் காலி செய்ய லாரி வர வேண்டும், லாரி நுழைய வழி இருக்கிறதா, அந்த வழி யாருடைய நிலத்தில் போகிறது, உங்கள் பத்திரத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா?

பலத்த மழை கொட்டிய மறுநாள் போய் அந்த இடத்தைப் பாருங்கள். வெயில் நாளில் எல்லா இடமும் அழகுதான்.

ஆந்தை:
அமைதியை நம்பிப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே சேவல் ஆரம்பித்துவிடும், ஒரு நாய் குரைத்தால் ஊர் நாய் முழுக்கப் பதில் சொல்லும், அறுவடை நேரத்தில் இயந்திரங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு நடு ராத்திரி வரை ஓடும். மருந்து தெளிக்கிற நாளில் காற்று உங்கள் பக்கம் வீசினால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார வேண்டியதுதான். அது அவர்கள் பிழைப்பு, புதிதாக வந்த நாம் போய் புகார் சொல்ல முடியாது. சொன்னால் அதற்கப்புறம் மோட்டார் ரிப்பேருக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள்.

வெள்ளைச்சீருடை:
நான் கிராமப்புற மருத்துவமனை ஒன்றில் செவிலியர். கிணற்றடி அண்ணன் தண்ணீரை முழுக்கச் சொல்லிவிட்டார், நான் தூரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டவுன் முக்கால் மணி நேரம் என்கிறீர்கள் அக்கா. அது பகலில், உங்கள் வண்டியில், ரோடு நன்றாக இருக்கும்போது. ஆம்புலன்ஸ் என்றால் அங்கிருந்து கிளம்பி வந்து திரும்பிப் போக வேண்டும், கணக்கு இரட்டிப்பாகிவிடும். அடைப்பினால் வரும் பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த நேரத்தை, நோயாளியைக் கடைசியாக நல்ல நிலையில் யார் எப்போது பார்த்தார்கள் என்பதிலிருந்து எண்ணுவார்கள், தூக்கத்தில் வந்தால் படுக்கப் போன நேரத்திலிருந்து. ஊசி போடுவதற்கு முன் மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால் "பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா" என்று விசாரிக்காதீர்கள், இருக்கிறது என்றுதான் யாரும் சொல்வார்கள். ராத்திரியிலும் ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம், அதைக் கேளுங்கள்.

நாற்பதுகளில் இது பெரிதாகத் தோன்றாது. பெரியவர்கள் யாராவது உங்களோடு வந்து தங்குவார்களா? அப்படியென்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். இன்னொரு சின்ன விஷயம், வீட்டுக்கு வரும் வழியைப் போனில் சொல்லிப் பழகுங்கள். இருட்டில் "அந்த மரத்தைத் தாண்டி இடது பக்கம்" என்று சொன்னால் டிரைவருக்கு எந்த மரம் என்று எப்படித் தெரியும்?

திரும்பியவன்:
நாங்கள் போனோம், சில வருடம் இருந்தோம், திரும்பிவிட்டோம். வருத்தம் கிடையாது, தோற்றுப்போனோம் என்ற நினைப்பும் கிடையாது. கிணறு, பாம்பு, கரண்ட் எதற்காகவும் திரும்பவில்லை, எங்கள் பெண் வளர்ந்ததால் திரும்பினோம். ஒன்பது வயதில் உங்கள் பையனுக்கு அந்த இடம் சொர்க்கமாக இருக்கும். பதினான்கு வயதில் அவனுக்கு நண்பர்கள் வேண்டும், நண்பர்கள் எல்லாரும் டவுனில் இருப்பார்கள், நீங்கள் டிரைவர் ஆகிவிடுவீர்கள். நகரத்தில் இருந்ததைவிட அங்கேதான் நான் அதிகம் வண்டி ஓட்டினேன், ஒரு ஆணி தீர்ந்தாலும் வண்டியை எடுக்க வேண்டும்.

கேட்கச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் சொல்லிவிடுகிறேன். பாதி நாள் கூட்டம் என்கிறீர்கள். உங்கள் படபடப்பு அதிலிருந்து வருகிறதா நகரத்திலிருந்து வருகிறதா? கூட்டம்தான் காரணம் என்றால் அது சாமான் லாரியிலேயே ஏறி உங்களோடு வரும். வேலை நேரத்தைக் குறைக்க முடியுமா என்று முதலில் இருக்கிற இடத்திலேயே பார்க்கலாமே.

இணையமும் அப்படித்தான். கேபிள் வராத இடத்தில் "செயற்கைக்கோள் இருக்கிறதே" என்பார்கள். எந்த வகை என்று கேளுங்கள். பழைய வகைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது, நீங்கள் பேசியது போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வரவே அரை நொடிபோல ஆகும், ஒருவர் பேச்சில் இன்னொருவர் மோதிக்கொண்டே இருப்பீர்கள். 550 கிலோமீட்டர் உயரம்போலத் தாழப் பறக்கும் புது வகையில் அந்தத் தாமதம் தெரியாது, ஆனால் சிக்னல் பிடிக்க வீட்டில் வைக்கும் தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும், தென்னையோ மாமரமோ எதுவும் மறைத்தால் அடிக்கடி அறுந்துபோகும். நிழலுக்காக ஆசைப்பட்டு வாங்கிய மரத்தை இணையத்துக்காக வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நத்தைவேகம்:
எல்லாருக்கும் நன்றி. இடித்தது எது என்று இப்போது தெரிந்துவிட்டது. கிணற்றடி அண்ணன் கேட்ட அந்த வழிதான். விற்பவருக்குப் போன் பண்ணிக் கேட்டோம், "காலங்காலமாக எல்லாரும் அதில்தான் போகிறார்கள், யார் என்ன சொல்லப் போகிறார்கள்" என்றார். பத்திரத்தில் ஒரு வார்த்தை இல்லை. கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனாலும் அதே ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்து பார்க்கலாமா என்று அவரே கேட்கிறார். அந்த மாதிரி யாராவது செய்திருக்கிறீர்களா? படபடப்பு பற்றிச் சொன்னதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிணற்றடி:
தாராளமாகச் செய்யுங்கள். மழைக்காலமும் தண்ணீர் வற்றும் காலமும் இரண்டும் உள்ளே வருகிற மாதிரி எடுங்கள், நல்ல பருவத்தில் மட்டும் இருந்துவிட்டு முடிவு பண்ணாதீர்கள். ஊருக்குள்ளேயே வாடகைக்கு இருந்தால் அந்த வழி யாருடையது, அதில் பழைய சண்டை ஏதாவது உண்டா என்பதெல்லாம் நீங்கள் கேட்காமலே காதுக்கு வரும். விற்பவர் அதுவரை காத்திருக்க மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், அந்த வழியை எழுதிக்கொடுக்க அவருக்கு ஏன் மனமில்லை என்றும் யோசியுங்கள்.

திரும்பியவன்:
அப்புறம், நகரத்து வீடு சொந்த வீடு என்றால் அதற்குள் விற்றுவிடாதீர்கள், வாடகைக்கு விடுங்கள். நாங்கள் விற்காமல் வைத்திருந்ததால்தான் திரும்புவது சுலபமாக இருந்தது. பையனின் பள்ளியிலும் திரும்பி வந்தால் இடம் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.