பொருநைக்கரைச் சொந்தங்கள்: பேச்சி ஜெர்மனிக்குப் போறதுக்கு முந்தி

[சனிக்கிழமை, மாலை 6:42]

பேச்சி: மதினி, ஒப்பந்தம் மெயில்ல வந்துட்டு. பிஎஃப்டி, அதான் ஜெர்மனி அரசோட தன்னார்வச் சேவை, 12 மாசம். 16லேர்ந்து 21 வயசு வரைக்கும் எட்டுப் பிள்ளைகள் தங்குத வீடு. அங்க என் வேலை என்னன்னு தெளிவா சொல்லுங்க. கையெழுத்துப் போடுததுக்கு முந்தி தெரிஞ்சுக்கணும்.

பேச்சி அம்மா: பெத்தவுக இருக்கையில பிள்ளைகள் ஏன் தனி வீட்ல இருக்கு? அனாதை ஆசிரமமா?

ஜெர்மனி மதினி: ஆசிரமம் இல்ல அத்தை. வீட்ல அடி உதை, அப்பா அம்மாவுக்குக் குடி, மனநோய், இல்லன்னா போர் நடக்குத நாட்டுலேர்ந்து ஒத்தையா வந்த பிள்ளை, இப்படிப் பல காரணம் இருக்கும். இளைஞர் நல அலுவலகம் இடம் ஒதுக்கி, செலவையும் ஏத்துக்கிடும். சமூகச் சட்டத்தோட எட்டாவது நூல்ல 34வது பிரிவு இதுக்குத்தான். 18 முடிஞ்சாலும் 41வது பிரிவுல உதவி தொடரலாம், வழக்கமா 21 வரைக்கும். படிப்பு, வேலை, சமையல், வாடகை எல்லாம் தானா பாத்துக்கிட்டு வெளிய போறதுக்கான தயாரிப்புதான் அந்த வீடு.

ஜெர்மனி மதினி: பேச்சி, உன் வேலை துணைக்கு நிக்கறது. பயிற்சி பெத்த பணியாளர் செய்ய வேண்டியதை உன் தலையில கட்டக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. ராத்திரி உன்னைத் தனியா வீட்ல விடக்கூடாது, மாத்திரை எடுத்துக் குடுக்கச் சொல்லக்கூடாது. "இன்னிக்கு ஒருநாள் மட்டும்"னு கேட்டாலும் முடியாதுன்னு சொல்லு. அப்படியும் கேட்டுக்கிட்டே இருந்தா, உன்னை அனுப்புன அமைப்புல உனக்குன்னு ஒரு ஆள் இருப்பாங்க, அவங்களுக்கு எழுது.

பாளை மாமா: சம்பளம் எவ்வளவு?

ஜெர்மனி மதினி: சம்பளம் கிடையாது மாமா, கைச்செலவுப் பணம். 2025ல உச்சவரம்பு மாசம் 644 யூரோவா இருந்துச்சு. அது உச்சவரம்புதான், நிறைய இடத்துல அதை விடக் குறைச்சல். தங்க இடமும் சாப்பாடும் குடுக்காங்களா, இல்ல அதுக்குப் பதிலா பணமான்னு ஒப்பந்தத்துல பாக்கணும். மருத்துவக் காப்பீடு உள்ளிட்ட சமூகக் காப்பீட்டை முழுசா அவங்களே கட்டுவாங்க. 12 மாசத்துக்கு 25 நாள் கருத்தரங்கு, அதுவும் வேலை நாளாத்தான் கணக்கு. ஊருக்குப் பணம் அனுப்பலாம், கடன் அடைக்கலாம்னு யாரும் நினைக்காதீங்க. அந்த நினைப்போட போனா அவ ராத்திரி ஓட்டல்ல பாத்திரம் கழுவப் போவா, மறுநாள் பிள்ளைகள் முன்னால தூங்கி வழிவா.

பாளை மாமா: இங்க ஒரு ஏஜென்டு ரெண்டரை லட்சம் கேக்கான்.

ஜெர்மனி மதினி: ஒத்தப் பைசா குடுக்காதீங்க. ஒப்பந்தம் அவ பேருக்கு நேரடியா வந்துட்டு. அதுல மூணு தரப்பு கையெழுத்து வேணும்: அவ, அந்த வீடு, இந்தச் சேவையைப் பாத்துக்கிடுத ஜெர்மனி கூட்டாட்சி அரசு அலுவலகம். அது இருந்தா ஏஜென்டுக்கு இதுல வேலையே இல்ல.

பாளை மாமா: சரி, காயிதம் என் பொறுப்பு. பேச்சி, போலீஸ் சான்றிதழுக்கு இன்னைக்கே விண்ணப்பம் போடு. நம்ம திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துல 500 ரூவா. உன் பாஸ்போர்ட்ல பழைய பேட்டை விலாசம்லா இருக்கு? அப்ப ஸ்டேஷன் விசாரணை ரெண்டு எடத்துக்கும் போகும், இழுக்கும். பிள்ளைகளோட வேலைங்கறதால இந்தச் சான்றிதழ் இல்லாம உள்ளயே விடமாட்டாங்க. விசாவுல "தேசிய விசா"ன்னு பாத்துப் போடு. ஷெங்கன்ல போட்டா 90 நாள்தான், திரும்பி வர வேண்டியதுதான். கட்டணம் 75 யூரோ, அதுக்குச் சரியான ரூவாயை அன்னைக்குச் சொல்லுவாங்க.

அம்பை அத்தை: ஏட்டி, மணல்வாரி ஊசி, அதான் தட்டம்மை ஊசி, எத்தனை போட்டிருக்க?

பேச்சி: சின்னப்பிள்ளையில போட்டதுதான் அத்தை. அட்டை கிடக்கான்னு தெரியல.

அம்பை அத்தை: அதான் கேட்டேன். ஜெர்மனியில 2020 மார்ச் 1லேர்ந்து சட்டம். 1970க்குப் பிறகு பிறந்தவங்க பிள்ளைகள் தங்குத விடுதியில வேலை செய்யணும்னா தட்டம்மைக்கு ரெண்டு டோஸ் போட்ட ஆதாரம் காட்டணும். நீ கைக்குழந்தையா இருக்கையில நம்ம அட்டவணையில ஒத்த டோஸ்தான். 2017 பிப்ரவரியில பள்ளிக்கூடத்துல தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டாங்கள்லா, அது போட்டிருந்தாக் கணக்குல சேரும், ஆனா சீட்டு வேணும். சீட்டு இல்லன்னா புதுசா ரெண்டு எம்எம்ஆர். நடுவுல நாலு வாரமாவது இடைவெளி. மூணு வாரத்துல போட்டுட்டுப் போனா அந்த ரெண்டாவதை ஒத்துக்கமாட்டாங்க. தடுப்பூசி பேரு, தொகுதி எண், தேதி, டாக்டர் முத்திரை நாலும் இங்கிலீஷ்ல இருக்கணும். கர்ப்பம் இல்லன்னு உறுதியான பிறகுதான் போடணும்ங்கறதையும் எல்லாருக்கும் சேத்தே சொல்லிடுதேன்.

[இரவு 8:15]

லீட்ஸ் அத்தான்: இப்பதான் படிச்சேன். இங்க இங்கிலாந்துக் கணக்கு வேற. யாராவது கேட்டா குழப்பிடாதீங்க. இங்க தன்னார்வலருக்கு அறப்பணி விசா, 12 மாசம்தான், அதுக்கு மேல நீட்டிக்க முடியாது. உரிமம் உள்ள அமைப்பு ஸ்பான்சர் பண்ணணும். கைச்செலவு தவிர சம்பளம் வாங்கக்கூடாது. ஆறு மாசத்துக்கு மேலன்னா காசநோய் சோதனைச் சான்றிதழ், மருத்துவக் கட்டணம் வருஷத்துக்கு 1,035 பவுண்டு. 16, 17 வயசுப் பிள்ளைகளைத் தங்கவைக்குத வீடு எல்லாம் 2023 அக்டோபர் 28லேர்ந்து ஆஃப்ஸ்டெட்ங்கற அரசு கண்காணிப்பு அமைப்புல பதிவு பண்ணியிருக்கணும். பதிவு இல்லாத வீட்லேர்ந்து கூப்பிட்டா போகவே வேண்டாம்.

பேச்சி: அத்தான், மதினி, அங்க போன முதல் வாரத்துல நான் செய்யக்கூடாதது என்ன?

ஜெர்மனி மதினி: நம்ம ஊர்ல யாரைப் பாத்தாலும் முதல்ல கேக்கிறதை அங்க கேக்காத. "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை, அப்பா என்ன பண்ணுதாக, கூடப் பொறந்தவுக எத்தனை?" இங்க அது பாசம். அந்த வீட்ல ஒவ்வொரு கேள்வியும் புண்ணுல விரல் விட்ட மாதிரி. அப்பா பேரைச் சொல்லப் பிடிக்காத பிள்ளை இருக்கும், தங்கச்சியைப் பாக்கக் கோர்ட்டு அனுமதி வேணும்னு இருக்க பிள்ளை இருக்கும். "மதியம் சாப்பிட்டியா, பஸ் கிடைச்சுதா, இந்தப் பாட்டு யாரு?" இதெல்லாம் கேளு. அவங்களாச் சொன்னா கேட்டுக்கோ, தோண்டாத.

ஜெர்மனி மதினி: தலையைத் தடவறது, கன்னத்தைக் கிள்ளறதும் வேண்டாம். சில பிள்ளைகளுக்குக் கை உயர்ந்தாலே அடி ஞாபகம் வரும்.

லீட்ஸ் அத்தான்: "யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு, ஒண்ணு சொல்லுதேன்"னு ஒரு பிள்ளை கண்டிப்பா வரும். சத்தியம் பண்ணாத. "நீ சொல்லுததைக் கேக்கேன். ஆனா உன் பாதுகாப்புக்கு வேணும்னா பொறுப்பாளர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்"னு முதல்லயே சொல்லிரு. அதுக்கப்புறமும் பெரும்பாலும் சொல்லத்தான் செய்வாங்க. குறுக்க கேள்வி கேக்காத, "அவன்தானா?"ன்னு பேரை எடுத்துக் குடுக்காத. நீ வாயில போட்டுக் குடுத்த வார்த்தை கோர்ட்டு வரைக்கும் போய் அந்தப் பிள்ளையோட வழக்கையே கெடுத்துடும். கேட்டு முடிச்ச உடனே அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுது, தேதியும் மணியும் போடு, அன்னைக்கே பொறுப்பாளர் கையில குடு. மாத்திரை நிறைய முழுங்கிட்டேன்னு சொன்னா, நல்லாத்தான இருக்கான்னு காத்திருக்கக்கூடாது. பாரசிட்டமால் முதல் நாள் ஒண்ணும் காட்டாது, ஈரல் கெடுறது பிறகுதான் தெரியும். உடனே 112.

பேச்சி அம்மா: இதெல்லாம் கேட்டா எனக்கு பயமா இருக்கு.

லீட்ஸ் அத்தான்: அத்தை, இதை முன்னாடியே தெரிஞ்சு போறவளுக்குத்தான் பயம் குறைச்சல். இதெல்லாம் எல்லா நாளும் நடக்காது. முக்கால்வாசி நேரம் துணி துவைக்கவும் கடுதாசி படிக்கவும் கடைக்குப் போகவும்தான் சரியா இருக்கும்.

ஜெர்மனி மதினி: கடுதாசின்னு சொன்னீங்கள்லா, அதுதான் அங்க பெரிய விஷயம். பிள்ளைகள் கவரைத் திறக்காமக் கட்டிலுக்கு அடியில தள்ளிடும். மஞ்சக் கவர் வந்தா கவனி. அது அரசு முறையில ஒப்படைச்சது, கவர் மேல தபால்காரர் தேதி எழுதியிருப்பாரு. கெடு அந்தத் தேதியிலேர்ந்து ஓடும், நாம படிச்ச நாள்லேர்ந்து இல்ல. அதனால கவரைக் கிழிச்சுக் குப்பையில போடக்கூடாது, கடுதாசியோட சேத்து ஊக்கு குத்தணும். அபராத உத்தரவுக்கும் கோர்ட்டு வழியா வந்த கடன் நோட்டீஸுக்கும் மறுப்பு எழுத ரெண்டே வாரம்.

ஜெர்மனி மதினி: அதிகமா வாறது ரயில்ல டிக்கெட் இல்லாம ஏறினதுக்கு 60 யூரோ அபராதக் கடுதாசி. அவன் பேருக்கு மாசச் சீட்டு இருந்து அன்னைக்கு மறந்துட்டுப் போயிருந்தான்னா, ஒரு வாரத்துக்குள்ள கொண்டுபோய்க் காட்டினா சிறு கட்டணத்தோட முடிஞ்சுரும். ஒரு வாரம் தாண்டுனா முழுப் பணம், அப்புறம் வசூல் கம்பெனி, வட்டி. நீ போய் கவுண்டர்ல நிக்காத. அவன்தான் சீட்டை எடுக்கணும், அவன்தான் பேசணும். நீ பக்கத்துல நில்லு. வாய் திக்கினா ஒரு வார்த்தை எடுத்துக் குடு, அவ்வளவுதான். அடுத்த தடவை நீ வேண்டாம்பான், அதுதான் நமக்கு வேணும்.

பேச்சி: சரி மதினி. தினமும் குறிப்பு எழுதணும்னு போட்டிருக்கே, அது எப்படி?

ஜெர்மனி மதினி: கண்ணால பாத்ததை எழுது, உன் முடிவை எழுதாத. "கோபமா இருந்தான், மரியாதை இல்ல"ன்னு எழுதினா அது உன் மனசு. "6:40க்கு வந்தான். கதவை ரெண்டு தடவை அடிச்சு மூடினான். சாப்பாட்டைத் தட்டோட விட்டுட்டு மாடிக்குப் போனான். 7:30க்குக் கதவைத் தட்டினேன், 'விடு'ன்னான்." இப்படி எழுதினா ராத்திரி டூட்டிக்கு வாறவங்களுக்கு அப்படியே தெரியும். அந்தக் கோப்பைப் பின்னால அந்தப் பிள்ளையே படிக்கக் கேக்கலாம், அதை நினைச்சு எழுது.

அம்பை அத்தை: சமைச்சுப் போட்டா பிள்ளைகள் ஒட்டிக்கிடுமே. நம்ம சொதி வச்சுக் குடு.

ஜெர்மனி மதினி: வைக்கலாம் அத்தை, ஆனா அவ வைக்கக்கூடாது, அவங்க வைக்கணும். நாலு பேருக்கு 400 மில்லி தேங்காய்ப்பால் டின் ஒண்ணு. பாதியை 600 மில்லி தண்ணியில கலந்து உருளை, கேரட், பீன்ஸ் வேகவைக்கணும். பாசிப்பருப்பு 50 கிராம் தனியா வேகவச்சுச் சேக்கணும். மீதிப் பால் கடைசியில, அடுப்பைக் குறைச்ச பிறகு. கொதிச்சாத் திரிஞ்சுரும். இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் இறக்கி வச்ச பிறகுதான். கத்தி பூட்டி வச்சிருக்க வீடா இருந்தா, எண்ணி எடுத்து எண்ணித் திரும்ப வைக்கணும். ஒண்ணு குறைஞ்சா சமையலை நிப்பாட்டிட்டுத் தேடணும்.

ஜெர்மனி மதினி: தாளிப்புதான் அங்க ஆபத்து. நம்ம ஊர்ல எண்ணெய் புகையப் புகைய வத்தலைப் போடுவோம். அங்க கூரையில இருக்க புகைக் கருவி அலறும். சில கட்டடத்துல கருவி நேரா தீயணைப்பு நிலையத்தோட இணைஞ்சிருக்கும், வண்டி வந்துரும், பொய் அழைப்புன்னு வீட்டுக்கு பில்லும் வரலாம். சத்தம் கேட்டு ஒரு பிள்ளை நடுங்கி கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சா அதைச் சமாதானப்படுத்துததுதான் பெரிய பாடு. அதனால 9 நிலை இருக்க அடுப்புல 5க்கு மேல வேண்டாம். கூடத்துக் கதவைச் சாத்து, ஜன்னலைத் திற, புகை உறிஞ்சியைப் போடு. கடுகு வெடிக்கையில மூடி போட்டு, அடுப்பை விட்டு எடுத்த பிறகு வத்தலைப் போடு. கருவியில பிளாஸ்டிக் பையைக் கட்டுனா அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்புவாங்க.

பாளை மாமா: சாவி தொலைஞ்சா என்ன ஆகும்? இவ வீட்டுச் சாவியையே மாசம் ஒரு தடவை தேடுவா.

ஜெர்மனி மதினி: நல்ல கேள்வி மாமா. பல கட்டடத்துல எல்லாக் கதவும் ஒரே பூட்டுத் தொகுதி. ஒரு சாவி தொலைஞ்சா மொத்தப் பூட்டையும் மாத்தணும், ஆயிரக்கணக்குல யூரோ ஆகும். தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுத்துக்கோ பேச்சி, அதுல வேலை இடத்துச் சாவியும் சேருமான்னு எழுத்துல கேட்டு வாங்கு. குடியேறின ரெண்டு வாரத்துக்குள்ள ஊராட்சி அலுவலகத்துல பதிவு பண்ணணும், அதுக்கு வீட்டுக்காரர் தாற தங்கும் சான்று வேணும். அது இல்லாம வங்கிக் கணக்கும் தள்ளிப்போகும்.

பேச்சி: காசு கடன் கேட்டா?

லீட்ஸ் அத்தான்: அஞ்சு யூரோ கூடக் குடுக்காத. குடுத்தா உன்னைத் தவிர்க்க ஆரம்பிப்பான், இல்ல மத்த ஏழு பேரும் கேப்பாங்க. உன் சொந்த நம்பரையும் இன்ஸ்டாகிராமையும் குடுக்காத.

[இரவு 9:50]

ஜெர்மனி மதினி: கடைசியா ஒண்ணு பேச்சி. போன முதல் வாரத்துலயே நீ எந்த மாசம் கிளம்புவேன்னு எல்லாருக்கும் சொல்லிரு. அவங்களை விட்டுச் சொல்லாமப் போனவங்க ஏற்கெனவே நிறைய. ஆறு வாரம் இருக்கையில மறுபடி சொல்லு, சமையலறை நாட்காட்டியில எழுதிப் போடு. அப்ப ஒண்ணு ரெண்டு பிள்ளைகள் உன்கிட்ட வேணும்னே சண்டை போடும், பேசாமத் திரியும். அதுக்காக "திரும்பி வருவேன்"னு வாக்குக் குடுத்துராத. தினமும் சொன்ன நேரத்துக்குப் போய் நில்லு, கடைசி நாள் வரைக்கும்.

பேச்சி: சரி மதினி. மெயிலுக்குப் பதில் போடுததுக்கு முந்தி, ராத்திரி வேலையைப் பத்தி அவங்ககிட்ட எழுத்துல கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுதேன்.

அம்பை அத்தை: திங்கக்கிழமை ஊசி போட வாறப்ப வெறும் கையோட வராத, பாஸ்போர்ட் நகல் கொண்டு வா. ஊசி அட்டையில பேரு அதுல இருக்க மாதிரியே எழுதணும். உனக்கு அதுல அப்பா பேரும் சேந்துலா இருக்கு.

பாளை மாமா: போலீஸ் சான்றிதழ் விண்ணப்பத்துலயும் அதே எழுத்து. போட்டுட்டு ரசீதை இங்க அனுப்பு.