வெட்சியின் துளிர் மஞ்சளாக வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். இருப்பது திருப்பூர் பக்கம். வாசலில் காம்பவுண்ட் சுவரை ஒட்டி, இடுப்பளவில் நிற்கிற செடியாக நாட்டு வெட்சி வைத்திருக்கிறேன், நம்ம இட்லிப்பூதான். நர்சரியில் விற்கும் சின்ன இலைக் குட்டை ரகத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

பழைய இலைகள் கரும்பச்சையாக நன்றாகவே இருக்கின்றன. புதுத் துளிர் மட்டும் மஞ்சள். நரம்பு பச்சை, இடையில் வெளுப்பு. பூச்சி எதுவும் இல்லை. இரும்புச்சத்துக் குறைவு என்றுதான் நினைக்கிறேன். வெட்சிக்கு அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். எங்கள் போர் தண்ணீரோ வாளியில் வெள்ளையாகப் படிகிற ரகம். போதாக்குறைக்குச் சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பு வேறு.

அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து வேரில் ஊற்றலாமா, இலையில் தெளிப்பதுதான் சரியா? லிட்டருக்கு எத்தனை கிராம்? உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் சொன்னால் உபகாரமாக இருக்கும். இலைமக்கும் மழைநீரும் மட்டும் கொடுத்துத் தேற்றியவர்கள் உண்டா?

அப்புறம் கவாத்து. பூ கிளை நுனியில்தானே வருகிறது, எப்போது வெட்டினால் பூ குறையாது?

டீத்தூள் மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா தினமும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.