உபுண்டு 22.04: டெர்மினல் திறக்கவில்லை, மென்பொருள் நிறுவும் ஆப்ட்டும் பிழை காட்டுகிறது. பழைய பைத்தானை நீக்கிவிடலாமா?

முகில்:
வேறொருவர் பயன்படுத்திய மடிக்கணினி என் கைக்கு வந்திருக்கிறது. பைத்தான்3 என்று அடித்தால் 3.12 என்கிறது; 3.10-உம் உள்ளே இருக்கிறது. ஆப்ட் அப்டேட் கொடுத்தால் எல்லாம் இறங்கி முடிந்து, கடைசியில் 'ஆப்ட்_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை' என்று நிற்கிறது. பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் நீளமான பிழையோடு விழுகிறது. டெர்மினல் ஐகானை அழுத்தினால் கொஞ்சம் சுற்றிவிட்டு அடங்கிவிடுகிறது. விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினலை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன். 3.10-ஐ அழித்துவிட்டால் சரியாகுமா?

கதிர்:
ஐயோ, அழித்துவிடாதீர்கள்! அந்த 3.10 உபுண்டுவின் சொந்த உபயோகத்துக்கு. அதை நீக்கச் சொன்னால் ஆப்ட் டெஸ்க்டாப்பையும் சேர்த்துத் தூக்கிவிடும்.

யூஎஸ்ஆர்/பின் ஃபோல்டரில் இருக்கும் பைத்தான்3 வெறும் சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர். 22.04-இல் அது 3.10-ஐத்தான் காட்ட வேண்டும். முன்னால் வைத்திருந்தவர் ஒரு பெயர் எந்தப் பதிப்பைச் சுட்ட வேண்டும் என்று மாற்றும் அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையைப் போட்டு 3.12-க்குத் திருப்பியிருப்பார். இணையத்தில் பாதிப் பேர் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், எரிச்சலாக வருகிறது. ஆப்ட்_பிகேஜி 3.10-க்கென்று கம்பைல் செய்த கோப்பு, அதன் பெயரிலேயே 310 இருக்கும், 3.12 அதை ஏறெடுத்தும் பார்க்காது. உபுண்டுவில் ஜினோம் டெர்மினலைத் திறந்துவிடுவதும் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட்தான். அதற்கு வேண்டிய ஜிஐ மாட்யூலுக்கும் இதே கதி. பிப் விழுவதற்குக் காரணம் வேறு: 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூலை எடுத்துவிட்டார்கள், 22.04-இன் பழைய பிப் அதை நம்பி எழுதப்பட்டது.

அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸில் 'ரிமூவ்-ஆல்' கொடுத்து பைத்தான்3-ஐ அதன் பிடியிலிருந்து விடுவியுங்கள். லிங்க் காணாமல் போகும், பதற வேண்டாம். உடனே எல்என் கட்டளையால் பைத்தான்3 என்ற பெயரை 3.10-க்கு இணையுங்கள். இரண்டுக்கும் சூடோ (நிர்வாகி உரிமை) வேண்டும். நடுவில் ரீபூட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

முகில்:
டெர்மினல் திறந்துவிட்டது! ஆப்ட்டும் சரி. ஆனால் 'டைப் -ஏ' போட்டால் பைத்தான்3 இன்னும் இரண்டு இடத்தில் வருகிறதே, யூஎஸ்ஆர்/பின், அப்புறம் வெறும் 'பின்' ஃபோல்டர்? அப்புறம் என் புராஜெக்டுக்கு 3.12 கட்டாயம் வேண்டும்.

இளவேனில்:
அந்த இரண்டும் ஒரே இடம்தான். 'பின்' ஃபோல்டர் இப்போது யூஎஸ்ஆர்/பின்னுக்கு ஒரு லிங்க், விட்டுவிடுங்கள். யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் என்று வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

3.12 எங்கேயும் போகவில்லை. பைத்தான்3.12 என்று முழுப் பெயரில் கூப்பிட்டால் வரும். அதை வைத்து புராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒரு விஎன்வி (அந்த புராஜெக்டுக்கான தனிப் பைத்தான் சூழல்) உருவாக்குங்கள். டெட்ஸ்நேக்ஸ் பிபிஏ (வேறு பைத்தான் பதிப்புகளைத் தரும் வெளிக் களஞ்சியம்) வழியாக வந்த 3.12 என்றால் பைத்தான்3.12-விஎன்வி பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். விஎன்வியை ஆக்டிவேட் செய்தபின் பிப் உள்ளேயே நிறுவும், சூடோ தேவையே இல்லை.

கதிர்:
சூடோ போட்டு பிப்பை ஓட்டவே வேண்டாம். 24.04-க்கு மாறினால் சிஸ்டம் பைத்தானில் பிப் நிறுவ விடாது, 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு' என்று மறுத்துவிடும். அதைத் தாண்ட ஒரு ஆப்ஷன் உண்டு, பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. அப்புறம் விஎஸ் கோடிலும் இன்டர்பிரெட்டரை அந்த விஎன்விக்கு மாற்றிவிடுங்கள்.